சின்ன செட்டின் காது

சின்ன செட்டில் பதினாறு வயலின். ஒன்றுக்கு நாலு தந்தி, ஆக மொத்தம் அறுபத்து நாலு. முதல் மணி அடித்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் அறுபத்து நாலுக்கும் சுருதி சேர்த்துவிடுவாள் வில்லு டீச்சர். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். வயலினை வாங்கி இடது தோளில் சாய்த்து, கட்டைவிரலால் ஒரு மீட்டு, முறுக்காணியை உள்ளே அழுத்தியபடியே ஒரு திருகு, மறுபடி ஒரு மீட்டு. "போ. அடுத்த ஆளு." இடையிடையே ஒருத்தனைச் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடச் சொல்வாள், இன்னொருத்தியிடம் வீட்டில் பூனை குட்டி போட்டதா என்று கேட்பாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்யும். காதும் அப்படித்தான்.

அந்தப் பள்ளியில் பாட்டுக்குத் தனியாக ஒரு டீச்சர் உண்டு. இவள் கையில் எப்போதும் வில் இருந்ததால் வில்லு டீச்சர். மேடைக்குப் பின்னால், உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருக்கும் அறைதான் அவளுடைய வகுப்பு. தரையெல்லாம் வில்லில் தேய்க்கும் ரோசின் பிசினின் தூள் வெள்ளையாகப் படிந்திருக்கும். தோளுக்கு மெத்தையாகப் பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை வயலினின் முதுகில் ரப்பர் பேண்டால் கட்டியிருப்பார்கள். விரல் வைக்கும் இடம் தெரிவதற்காக ஒவ்வொரு வயலினிலும் மூன்று சிவப்பு டேப் ஒட்டியிருக்கும். நாலாவது, ஐந்தாவது படிக்கிற பிள்ளைகள் சின்ன செட். அவர்களுக்குச் செவ்வாயும் வியாழனும். எட்டாவதுக்கு மேல் பெரிய செட். எட்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வயோலா மூன்று, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற செல்லோ இரண்டு. அந்த வருடம் ஆண்டு விழாவில் இரண்டு செட்டும் முதல்முறையாகச் சேர்ந்து வாசிப்பதாக ஏற்பாடு. அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடிகாலையில் டீச்சர் கண் விழித்தபோது இடது காதில் குளித்த தண்ணீர் தேங்கியது போல அடைப்பாக இருந்தது. பக்கத்தில் கணவரின் போன் அலாரம் அடித்தது. அவர் பஸ் டிரைவர். முதல் நடைக்குப் போகிற வாரம்.

"என்னங்க, ரெண்டு அலாரமா வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுக்கே எந்திரிக்க மாட்டேங்கறேன், இதுல ரெண்டு வேறயா."

அவள் தலையைச் சாய்த்துத் தட்டிப் பார்த்தாள். தண்ணீர் வரவில்லை.

பள்ளியில் வரிசையின் முதலில் நின்றவள் கிரீச்சு. ஒன்பது வயது. அவள் வில் போட்டால் கதவுக் கீல் மாதிரி சத்தம் வரும் என்று வகுப்பு வைத்த பெயர். அவளும் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. டீச்சர் அவளுடைய மெல்லிய தந்தியை மீட்டினாள். இரண்டு சத்தம் கேட்டது. ஒன்று சரியாக, இன்னொன்று கொஞ்சம் கீழே, ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்த மாதிரி. முறுக்கினாள். கீழே இருந்தது மேலே வந்தது. மேலே இருந்தது இன்னும் மேலே போனது. மறுபடி முறுக்கினாள். டப்பென்று தந்தி அறுந்து அவள் மணிக்கட்டில் சுளீரென்று அடித்தது.

"பழைய தந்தி" என்றாள்.

"போன வாரந்தான் டீச்சர் புதுசு போட்டீங்க" என்றாள் கிரீச்சு.

இரண்டாவது வயலினும் இரண்டாகத்தான் கேட்டது. மூன்றாவதும். நாலாவதை வாங்கி, மீட்டாமலேயே திருப்பிக் கொடுத்தாள். வயலினில் ஒரு குறையும் இல்லை, குறை தன்னிடம்தான் என்பது புரிந்துவிட்டது. அன்றைக்கு வில்லில் ரோசின் தேய்ப்பது எப்படி என்று பாடம் நடத்தி மணியடிக்கும் வரை ஓட்டினாள்.

அன்று சாயங்காலமே காது டாக்டர் அவளை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்துச் சோதித்தார். பிறகு தாளில் கோடு போட்டுக் காட்டினார்.

"காது நரம்பு பாதிச்சிருக்கு. ஏன் வருதுன்னு பல பேருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. உடனே வந்தது நல்லது. மாத்திரை தர்றேன். சிலருக்கு முழுசா திரும்பும், சிலருக்குப் பாதி, சிலருக்கு அதுவும் இல்ல."

"ரெண்டா கேக்குதே டாக்டர்."

"வலது காது உள்ளத உள்ளபடி சொல்லுது. இடது காது அதையே கொஞ்சம் எறக்கிச் சொல்லுது."

கூட வந்திருந்த டிரைவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "அப்ப இடது காத அடைச்சிட்டா?"

"வெளிச் சத்தத்த அடைக்கலாம். காதுக்குள்ளயே இரையற சத்தத்த எத வச்சு அடைப்பீங்க? அதுபோக, இவங்க வயலின தாடையில வச்சுத்தான வாசிக்கறாங்க? எலும்பு வழியா அது உள்ள போயிடும்."

பஞ்சு வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் தேவலை. ஆனால் ஒற்றைக் காதில் திசை தெரியவில்லை. பதினாறு பேர் சேர்ந்து வாசிக்கும்போது எங்கோ ஒரு விரல் பிசகுவது தெரியும். யாருடைய விரல் என்று தெரியாது. முன்பெல்லாம் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றபடியே, "மூணாவது வரிசை, சன்னல் பக்கம், ரெண்டாவது விரல்" என்பாள். போனில் சுருதி காட்டும் ஆப் இருந்தது. ஒற்றைத் தந்திக்கு அது போதும். ஒரு கூட்டமே வாசித்தால் அதன் முள் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடும்.

"பள்ளிக்கூடத்துல யார்கிட்டயும் சொல்ல வேணாங்க" என்றாள். டிரைவர் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மகளிடம் மறைக்க முடியவில்லை. பத்தாவது படிக்கிற அவள் பெரிய செட்டில் செல்லோ. வீட்டில் செல்லம் என்று கூப்பிடுவதைப் பிள்ளைகள் கேட்டுவிட்டு, பள்ளியில் அவளைச் செல்லோ செல்லம் ஆக்கிவிட்டார்கள். குழாய் சொட்டுகிற சத்தத்துக்கும் சுருதி சொல்கிறவள். மறுநாள் சாயங்காலமே அம்மா முன்னால் உட்கார்ந்து ஒரு தந்தியை மீட்டினாள்.

"இது சரியா இருக்கா, கீழயா?"

டீச்சர் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா. கேக்கறேன்ல?"

"தெரியலடி" என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அப்படி ஒரு வார்த்தையை அவள் வாயிலிருந்து மகள் அதுவரை கேட்டதில்லை.

ஏற்பாடு செல்லத்துடையதுதான். நூலக வகுப்பு நேரத்துக்கு அனுமதி வாங்கிக்கொண்டு சின்ன செட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தாள். யாருடைய விரல் பிசகுகிறதோ அவர்கள் பக்கம் பென்சிலைச் சாய்ப்பாள். ஷூ நுனி தூக்கினால் சுருதி மேலே போய்விட்டது என்று அர்த்தம், அழுத்தினால் கீழே. டீச்சர் அதைப் பார்த்துவிட்டுத் தானே கேட்டது போல, "நீ, கொஞ்சம் மேல போ" என்பாள். முதல் வகுப்பும் இரண்டாவது வகுப்பும் ஓடிவிட்டன. மூன்றாவது வகுப்பில் கிரீச்சு கை தூக்கினாள்.

"டீச்சர், நீங்க எதுக்கு அக்காவோட ஷூவையே பாத்துட்டு இருக்கீங்க?"

"அழுக்கா இருக்கு. அதான்."

பிள்ளைகள் எல்லோரும் திரும்பி ஷூவைப் பார்த்தார்கள். அது பளபளவென்று இருந்தது.

அன்று சாயங்காலம் டிரைவர் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். செல்லம் பையை நாற்காலியில் எறிந்தாள்.

"நான் இனிமே உன் வகுப்புக்கு வரமாட்டேன்."

"இன்னும் பத்து நாளுதான்டி. விழா முடிஞ்சிரும்."

"பத்து நாள் இல்லம்மா. அப்புறம் அடுத்த வருஷம். அதுக்கப்புறம்? நான் காலேஜ் போனப்புறம் யாரு ஷூவ பாப்ப?"

"பெத்தவளுக்கு இதுகூடச் செய்ய மாட்டியா?"

"எது வேணா செய்யறேன். துணி துவைக்கறேன், சமைக்கறேன். உனக்குக் காதா மட்டும் இருக்க முடியாது." செல்லத்தின் குரல் உடைந்தது. "ஒரு வாரமா நான் செல்லோவ எடுத்தா என் சத்தம் எனக்குக் கேக்கவே மாட்டேங்குதும்மா. எது தப்பு, எது தப்புன்னு தேடியே காது பழகிப்போச்சு. நல்லாருக்கறது ஒண்ணும் கேக்கல."

டீச்சருக்குச் சுருக்கென்றது. தான் எடுத்துக்கொண்டது மகளின் நூலக வகுப்பை மட்டும் அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது.

டிரைவர் அடுப்பை அணைத்தார். பள்ளியில் மறைக்கிற விஷயத்தில் அவர் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"இந்தா, நான் ஒண்ணு சொல்லவா? நடுவழியில வண்டி நின்னு போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? எந்திரிச்சு நின்னு, 'வண்டி போகாதுங்க, எறங்கித் தள்ளணும்'னு சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னாடி கூச்சமாத்தான் இருக்கும். நாப்பது பேரு நம்ம மூஞ்சியப் பாப்பான். ஆனா ஒரு தடவகூட யாரும் எறங்கி வீட்டுக்குப் போனதில்ல. சட்டைய மடிச்சு விட்டுக்கிட்டுத் தள்ளியிருக்காங்க. சொன்னாத்தான தள்ளுவாங்க? சும்மா ஸ்டியரிங்கப் பிடிச்சுட்டு ஓட்டற மாதிரி உக்காந்திருந்தா?"

"அவங்க ஒம்பது வயசுப் பிள்ளைங்க."

"எங்க வண்டியில கைப்பிள்ளைக்காரி எறங்கித் தள்ளியிருக்கா. ஒரு கையால."

செல்லம் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். முட்டை ஆறிப்போனது. மூவரும் அப்படியே சாப்பிட்டார்கள்.

காலையில் டீச்சர் முதலில் தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இந்த வருஷம் உங்க நிகழ்ச்சிய எடுத்துட்டுப் பேச்சுப் போட்டி வச்சிரட்டுமா? சங்கடப்படாம சொல்லுங்க."

"பத்து நாள் குடுங்க மேடம். இன்னியிலேர்ந்து சின்ன செட்டுக்குத் தினமும் ஒரு வகுப்பு வேணும். அதுக்குள்ள ஆகலைன்னா நானே வந்து சொல்றேன்."

பிறகு சின்ன செட். பதினாறு பேரையும் தரையில் வட்டமாக உட்கார வைத்தாள். இடது காதிலிருந்து பஞ்சை எடுத்துக் காட்டினாள்.

"எனக்கு இந்தக் காது கெட்டுப் போச்சு. ஒரு சத்தம் ரெண்டு சத்தமா கேக்குது. நீங்க சரியா வாசிக்கறீங்களா தப்பா வாசிக்கறீங்களான்னு எனக்குத் தெரியல. ஒரு வாரமா தெரிஞ்ச மாதிரி நடிச்சேன்."

பதினாறு பேரும் அந்தப் பஞ்சையே பார்த்தார்கள்.

"வலிக்குதா டீச்சர்?"

"வலி இல்ல."

"நாங்க பேசறதும் ரெண்டா கேக்குதா?"

"கொஞ்சம்."

"அப்ப நாங்க முப்பத்திரண்டு பேரா டீச்சர்?"

"அதான் இவ்வளவு சத்தம்" என்றாள் டீச்சர். வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிரித்து முடிந்ததும் கிரீச்சு கேட்டாள்:

"அப்ப சரியா தப்பான்னு இனிமே எங்களுக்கு யாரு சொல்றது?"

"வயலினே சொல்லும். வா."

மேசை மேல் துண்டை விரித்து கிரீச்சுவின் வயலினை அதில் மல்லாக்கக் கிடத்தினாள். தந்திகளுக்கு அன்று காலையிலேயே ஒவ்வொன்றாக ஆப் வைத்துச் சுருதி சேர்த்திருந்தாள். நோட்டிலிருந்து ஒரு துணுக்குத் தாளைக் கிழித்து, கூரை மாதிரி இரண்டாக மடித்து, நாலில் 'டி' என்கிற தந்தியின் மேல் கவிழ்த்து உட்கார வைத்தாள். இந்த அதிர்வில் தந்தியின் நடு அசையாது என்பதால் சற்றுத் தள்ளி வைத்தாள். பிள்ளைகள் பெஞ்சுகள் மேலெல்லாம் ஏறி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"இந்தத் தந்திய யாரும் தொடக்கூடாது. பக்கத்துல இருக்கற 'ஏ' தந்தியில மூணாவது விரல வை. வில்லச் சாய்ச்சுப் பிடிச்சு அத மட்டும் வாசி. தாளப் பாரு."

கிரீச்சு விரலை டேப்பின் மேல் வைத்து வில்லை இழுத்தாள். கதவுக் கீல். தாள் அசையவில்லை.

"விரல ஒரு மயிரிழை மேல நகத்து. நிறுத்தாம வாசி. மெதுவா."

விரல் நகர்ந்தது. தாள் இருந்த இடத்தில் இருந்தது. இன்னும் கொஞ்சம். தாளின் ஓரம் சிலிர்த்தது. பதினாறு தலைகளும் முன்னால் குனிந்தன. விரல் இன்னும் ஒரு நூலளவு போயிருக்கும். தாள் துடிதுடித்துத் துள்ளி எழுந்து, வயலினின் வயிற்றில் விழுந்தது. அந்த நேரத்தில் கிரீச்சுவின் வயலினிலிருந்து கீல் சத்தம் போய், மணியின் ரீங்காரம் போல் ஒன்று அறை முழுவதும் நிறைந்தது.

"யாரு தொட்டா?" என்றான் ஒருத்தன் இரகசியமாக.

"யாரும் தொடல."

"அது பாட்டுக்கு ஆடுச்சா?"

"அதோட சுருதியில ஒருத்தர் கூப்பிட்டா அதுவும் பதில் சொல்லும். கொஞ்சம் தப்பாக் கூப்பிட்டாகூடத் திரும்பிப் பாக்காது."

கிரீச்சு வில்லைக் கீழே வைத்தாள். அவள் கண் விரிந்திருந்தது. "என்னைய கேட்டுச்சு டீச்சர்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் இதைப் படிக்கிற காலத்திலிருந்தே அறிந்தவள்தான். காது நன்றாக இருந்தவரை அவளுக்கு இது தேவைப்படவில்லை. ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை. இப்போது கையில் ரோமம் சிலிர்த்து நின்றது. விழுந்த தாளை எடுத்து மறுபடி தந்தியில் உட்கார வைத்து, "அடுத்த ஆளு" என்றாள்.

அன்று பதினாறு பேரும் தாளை விழ வைத்த பிறகுதான் வகுப்பு கலைந்தது. அடுத்த பாடத்துக்குப் பிள்ளைகளைத் தேடி வந்த கணக்கு வாத்தியார் வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டு, "நானும் ஒரு தடவ வாசிச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு வகுப்பின் நடை மாறிப்போனது. முன்பு ஒவ்வொரு சுரத்துக்கும் வில்லை நிறுத்தி, "சரியா டீச்சர்?" என்று அவள் முகத்தைப் பார்ப்பார்கள். இப்போது அந்தக் கேள்விக்குத் தடை. இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் வாசிக்க, மற்றவர் கண்ணை மூடிக் கேட்க வேண்டும். முதல் இரண்டு நாள் ஒரே சண்டை. "நீ கீழ இருக்க." "நீதான் மேல போற." "தாள் வச்சுப் பாக்கலாமா?" மூன்றாம் நாள் சண்டை குறைந்தது. அவர்கள் கேட்கக் கேட்க அறை அமைதியாகிக்கொண்டே வந்தது. வயலின் வகுப்பு ஒன்று இவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. ஐந்தாவது நாள் பூனைக்குட்டிக்காரி வந்து நின்றாள்.

"டீச்சர், என் ரெண்டாவது டேப் தப்பான எடத்துல ஒட்டியிருக்கு."

ஒட்டியது டீச்சர்தான். ஆப் வைத்துப் பார்த்தாள். பிள்ளை சொன்னது சரி. புழுக்கத்தில் பசை இளகி டேப் நகர்ந்திருந்தது. மறுநாள் இன்னும் ஆறு பேர் தங்கள் டேப்பைப் பிய்த்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்தார்கள். "இது வேணாம் டீச்சர், இடைஞ்சலா இருக்கு."

வீட்டில் செல்லத்தின் அறையிலிருந்து செல்லோ மறுபடி கேட்டது. டீச்சருக்கு அது இரண்டாகத்தான் கேட்டது. ஆனாலும் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, வாசித்து முடிகிற வரை எழுந்திருக்க மாட்டாள்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு காது டாக்டர் மறுபடி சோதித்தார். அடைப்பு குறைந்திருந்தது. பேச்சு தெளிவாகியிருந்தது. சுருதி மட்டும் திரும்பவில்லை. "இனிமே பெரிய மாற்றம் வரும்னு நான் சொல்லமாட்டேன்" என்றார். டிரைவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைப் படியிறங்கினார். "டீ குடிக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். குடித்தார்கள்.

விழாவன்று காலையிலிருந்து மழை. பின்னறையிலிருந்து வாத்தியங்களை மேடைப் பக்கம் கொண்டுபோய் வைத்த கொஞ்ச நேரத்தில் ஈரக்காற்று பட்டு எல்லாச் சுருதியும் கலைந்துவிட்டது. திரை தூக்க இருபத்தைந்து நிமிடம். டீச்சர் ஆப்பைத் திறந்தாள். நாலு பக்கமும் பிள்ளைகள் மீட்டிக்கொண்டிருந்த இரைச்சலில் முள் நிற்கவே இல்லை. நிகழ்ச்சி இல்லை என்று மேடத்திடம் போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் கால் நகர்ந்தது.

"எல்லாரும் நிறுத்துங்க" என்றது செல்லத்தின் குரல். "பெரிய செட், ஆளுக்கு ஒருத்தர இல்ல ரெண்டு பேரப் பிடிங்க. முதல்ல 'ஏ' மட்டும். ஒருத்தர் மீட்டறப்ப பக்கத்து ஆளு மீட்டக்கூடாது."

பெரிய பிள்ளைகள் முழங்கால் போட்டு உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளின் வயலினை வாங்கினார்கள். முறுக்காணி கிறீச்சிட்டது. சின்னவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும், இன்னும், ஐயோ போயிடுச்சு, எறக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வெறுங்கையோடு நடுவில் நின்றாள். அறுபத்து நாலு தந்தியும் அவள் கை படாமல் ஒவ்வொன்றாக இடத்துக்கு வந்துகொண்டிருந்தன. சந்தை இரைச்சலாக இருந்தது மெல்ல மெல்ல மெலிந்து, நாலே நாலு இழையாகத் திரண்டது. அவளுக்கு அது எட்டு இழை. ஆனால் திரண்டது தெரிந்தது.

செல்லம் கடைசியாகத் தன் செல்லோவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள். கிரீச்சு அவள் எதிரில் போய் நின்றாள்.

"அக்கா, உங்களுது கொஞ்சம் கீழ இருக்கு."

பெரிய செட் வயலின்காரன் ஒருவன், "ஏய், அவங்க யாருன்னு தெரியுமா? போய் வரிசையில நில்லு" என்றான்.

கிரீச்சு நகரவில்லை. "கீழதான் இருக்கு" என்றாள்.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல எல்லோரும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளால் சொல்ல முடியாது. அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். செல்லம் வில்லைத் தந்தியில் வைத்து நீளமாக, மிக மெல்ல இழுத்தாள். முதலில் புருவம் சுருங்கியது. பிறகு கண் மூடியது. வில் நுனி வரை போய் நின்றபோது முகத்தில் இருந்த இறுக்கம் கலைந்து, சிறுபிள்ளையின் வியப்பு ஒன்று வந்து உட்கார்ந்தது.

"ஆமா" என்றாள். "கீழதான் இருக்கு."

முறுக்காணியைத் திருகினாள். கிரீச்சு தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இன்னும் கொஞ்சம். ம்ம். போதும்க்கா."

பிறகு திரையைத் தூக்கினார்கள். மழைக்கு நடுவிலும் அரங்கு நிறைந்திருந்தது. சீருடை மாற்றாமல் டிரைவர் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். டீச்சர் கையைத் தூக்கி இறக்கினாள். பெரிய செட் பாட்டை எடுத்தது. அதன் அடியில் சின்ன செட் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்தது. அந்தச் சுரம் தொடங்கியபோது எங்கோ ஒரு விரல் பிசகியதை வலது காது சொன்னது. எங்கே என்று தெரியவில்லை. அவள் ஒன்றும் செய்யாமல் காத்திருந்தாள். இரண்டு தட்டு போவதற்குள் பிசகு தானாகவே இடத்துக்கு நகர்ந்து, கூட்டத்தில் கரைந்துவிட்டது.

அவள் பதினாறு முகங்களையும் பார்த்தாள். சிலருக்குக் கண் மூடியிருந்தது. சிலர் காதை வயலினின் மேல் சாய்த்திருந்தார்கள். ஒருவர்கூட அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.